கவிழ்த்து வைத்த தட்டு

செஞ்சி கிருஷ்ணாபுரத்தில் பூங்குழலியைத் தெரியாதவர்கள் குறைவு. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், பொறாமையும் சத்தமாகவே படுவாள். மற்றவர்கள் மனதுக்குள் வைத்துப் புழுங்குவதை இவள் தெருக்குழாயில் குடத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

"எங்க ஓரகத்திக்கு ஒரு சிலிண்டர் மூணு மாசம் வருது. எனக்கு அதுல பாதி கூட வரமாட்டுது. அவ வூட்டு அடுப்பு இன்னா, காத்துலயா எரியுது?"

ஓரகத்தி ஆண்டாள், கணவனின் அண்ணன் மனைவி. அண்ணன் பெயர் பெரியதம்பி, தம்பி பெயர் அரிகிருஷ்ணன். இருவரும் ஒரே நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார்கள். ஒரே குழு. சனிக்கிழமை மாலை மேஸ்திரி வாரக் கூலியை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். அண்ணனுக்கு ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, தம்பிக்கு ஒரு ரூபாய் குறைவும் இல்லை. இது தெருவுக்கே தெரியும். பூங்குழலியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமும் இதுதான். ஆண்டாளின் கணவனுக்குக் கூடுதல் வருமானம் இருந்திருந்தால் இவள் பொறாமைப்பட்டுவிட்டு ஆறியிருப்பாள். சமமான கூலியில் அந்த வீடு மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதை அவளால் செரிக்க முடியவில்லை.

மாமனார் விட்டுப்போன வீட்டைச் சகோதரர்கள் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். செங்கல் பற்றாமல் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. கூரை இரண்டு வீட்டுக்கும் ஒன்றே. அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அந்தப் பக்கம் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது இந்தப் பக்கம் தெரியும். தோட்டம் பொது. ஒரு முருங்கைமரம், இரண்டு துவைகல், அவரவர் அடுப்படித் தண்ணீர் போக அவரவர் சாக்கடை. பூங்குழலி வளர்க்கும் ஒரு சிவப்புக் கோழி மட்டும் எல்லை பார்க்காமல் இரண்டு பக்கமும் மேயும்.

ஆண்டாள் வீட்டில் பூங்குழலி கண்ட குறைகள் இவை: ஆண்டாளின் மகள் எழில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவள் சீருடை ஒரு நாளும் கசங்கியதில்லை. பொங்கலுக்குத் தவறாமல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். மாசக் கடைசியில் கிண்ணம் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்கும் போவதில்லை. சர்க்கரைக்கும் பருப்புக்கும் கிண்ணம் எப்போதும் பூங்குழலி வீட்டிலிருந்துதான் கிளம்பும். மத்தியானம் தோட்டத்துக்குப் போகிறபோது எட்டிப் பார்த்தால், ஆண்டாள் வீட்டு அடுப்படித் திட்டில் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும், இன்னும் ஈரம் காயாமல். "இவ சாப்ட்டு கை கழுவி தட்டும் கவுத்துட்டா. நான் இன்னும் புளி கரைச்சிக்கினு நிக்கறேன்" என்று அந்தத் தட்டின் மேலும் ஓர் எரிச்சல்.

போதாததற்கு ஆண்டாளுக்குச் சாமி வேறு வந்தது. பங்குனி மாசம் தெரு மாரியம்மன் கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நின்ற ஆண்டாள் திடீரென்று முன்னும் பின்னும் ஆடினாள். கண் மேலே செருகியது. பூசாரி ஓடிவந்து வேப்பிலையால் அடித்தார். பெண்கள் காலில் விழுந்தார்கள், யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, இது போக அமாவாசை என்று விரதம் இருக்கிறவள். அவளுக்கு வராமல் யாருக்கு வரும் என்று தெரு பேசிக்கொண்டது. கூட்டத்தோடு பூங்குழலியும் விழுந்து எழுந்தாள். எழுந்து வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், "சாமிகூட பாத்து பாத்துதான் வருது" என்றாள்.

இதையெல்லாம் அரிகிருஷ்ணன் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன்தான். ஆனி பிறந்ததும் அவன் சிரிப்பு நின்றது. ஒருநாள் மண்டியில் மூட்டை இறக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி பெரியதம்பி சொன்னான்: "என் தம்பி வூட்டு பருப்புகூட என் வூட்டு சட்டியிலேர்ந்துதான் போவுது." ஆட்கள் சிரித்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது பூங்குழலி கிண்ணத்தோடு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். துவரம்பருப்பு.

அரிகிருஷ்ணன் சத்தம் போடவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அதே கூலி. அண்ணி ஓட்டறாங்க, நீ ஏன் ஓட்ட மாட்டுற?"

"ஒங்க அண்ணி கைல இன்னா மாயம் கீதோ, எனக்கு இன்னா தெரியும்?"

"மாயம்லாம் இல்ல. புத்தி. இந்த ஆனி மட்டும் யார்கிட்டயும் கை நீட்டாம ஓட்டிக் காட்டு. இல்லன்னா ஆடிலேர்ந்து என் கூலிய அண்ணி கைல குடுத்துடறேன். அவங்களே ரெண்டு வூட்டையும் பாக்கட்டும். அவங்க அளந்து குடுக்கறத நீ ஆக்கிப் போடு."

பூங்குழலி அப்போதும் சிரித்துத்தான் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமைக் கூலி அவள் கையில்தான் வந்து சேரும். அரிசி டிரம்முக்குள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் போகும். அவளுக்கென்று சொல்லிக்கொள்ள வேறு அதிகாரம் எதுவும் இந்த வீட்டில் இல்லை. மாசாமாசம் அரசிடமிருந்து பெண்களுக்கு வரும் ஆயிரம் ரூபாயும் இரண்டு பிள்ளைகளின் வேன் செலவுக்குப் போய்விடுகிறது. அந்தப் பாட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் போனால்? பாத்திரம் தேய்க்கிற பவுடருக்கு ஆண்டாளைக் கேட்க வேண்டும். மாதவிலக்கு நாப்கின் ஒரு பாக்கெட்டுக்கு ஆண்டாள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஊரில் எத்தனையோ மருமகள்கள் மாமியாரிடம் அப்படித்தான் நிற்கிறார்கள், அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை, குடும்பம் என்று சொல்கிறார்கள். ஆனால் ஓரகத்தியிடமா? பூங்குழலி முடிவு செய்தாள். ஆண்டாள் செய்வது அத்தனையும் தானும் செய்வது.

ஆண்டாள் வெள்ளிக்கிழமை வாரச் சந்தைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் போவாள். ஆட்டுச் சந்தை காலையிலேயே முடிந்துவிடும். காய்கறிக் கடைக்காரர்கள் சாக்கைச் சுருட்டும்போது வெடித்த தக்காளியும் சொத்தைக் கத்தரியும் பாதி விலைக்கு வரும். பூங்குழலியும் போனாள். மலிவாக இருக்கிறதே என்று ஒரு கூடைத் தக்காளியை அள்ளிவந்தாள். இரண்டாம் நாள் தக்காளிச் சோறு, மூன்றாம் நாள் தக்காளித் தொக்கு, நான்காம் நாள் கூடை முழுவதும் கொசு. ஆண்டாள் வாங்கியது மூன்று பேருக்குப் போதுமான ஒரு கைப்பிடி என்பதை அவள் கவனிக்கவில்லை. பொறாமை கூர்ந்து பார்க்கும், ஆனால் எதை விரும்புகிறதோ அதை மட்டும்தான் பார்க்கும்.

வெந்நீருக்கு விறகடுப்பு வைத்தாள். மல்லாட்டை என்கிற நிலக்கடலையைச் சீசனில் விற்கிற விலைக்கு மூட்டையாக வாங்கி உடைத்துப் பருப்பாக்கி வைத்தாள். அதைப் பிள்ளைகள் வறுத்துத் தின்று தீர்த்தார்கள். மாசம் பாதி தாண்டியபோது பாட்டிலின் அடி தெரிந்தது.

ரேஷன் கடை வரிசையில் பாக்கியத்திடம் புலம்பினாள். பாக்கியம் எதிர்வீட்டுக்காரி, மண்டி மேஸ்திரி தோமினிக்கின் மனைவி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், நாக்குக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவள்.

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் பாக்கியக்கா. அவளுக்கு ஓடுது, எனக்கு ஓடல."

"எல்லாம் பண்ணியா? விரதம் இருந்தியா?"

"விரதத்துக்கும் செலவுக்கும் இன்னா சம்மந்தம்?"

"எனக்கு இன்னாடி தெரியும். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வாட்டி நாப்பது நாள் தவக்காலம். அதுக்கே ஈஸ்டர் எப்ப வரும்னு பாத்துக்கினு கெடப்போம். ஒங்க ஓரகத்திக்கு வருஷம் பூரா தவக்காலம், ஈஸ்டரே வரமாட்டுது."

முன்னால் நின்ற பெண் சிரித்தாள். பூங்குழலி சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது தவறாகப் புரிந்துவிட்டது. விரதத்துக்குப் பலனாகச் சாமி அந்த வீட்டைப் பெருக்கிக் கொடுக்கிறது.

அடுத்த செவ்வாயே தொடங்கினாள். அவளுக்கு விரதம் தெரிந்தது வல்லத்தில் இருக்கும் தாய் வீட்டில். அங்கே விரதம் என்றால் காலையில் காபியோடு இருப்பார்கள். மத்தியானம் தலைவாழை இலை, வடை, பாயசம், இரண்டு கூட்டு. காக்கைக்கு வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடுவார்கள். ராத்திரி சோறு கூடாது என்பதால் இட்லி. பூங்குழலி ஒரு குறையும் வைக்கவில்லை. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. உளுந்து தீர்ந்தது, வெல்லம் தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது. பிள்ளைகள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள். அரிகிருஷ்ணன் இரண்டாவது பாயசத்தைக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"இந்த விரதத்த நீ வுட்டாலே வூட்டு செலவு கொறஞ்சிடும்."

புதன்கிழமை அவள் பாக்கியத்திடம் ஒரு கிண்ணம் எண்ணெய் வாங்கினாள். அதைப் பாக்கியம் தோமினிக்கிடம் சொல்ல, தோமினிக் மண்டியில் சொல்ல, விஷயம் மூட்டைகளோடு மூட்டையாக அரிகிருஷ்ணன் தோளுக்கு வந்து சேர்ந்தது. ஆனியின் கடைசிச் சனிக்கிழமை காலை, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே அவன் சொன்னான்:

"இன்னிக்கு கூலி அண்ணி கைக்குத்தான். சொல்லிட்டேன்."

அவன் போனபின் பூங்குழலி தோட்டத்தில் போய் உட்கார்ந்தாள். ஊரையொட்டிய கிருஷ்ணகிரி மலையின் பாறை காலையிலேயே காய்ந்து அனலடித்தது. கோழி இவள் சாக்கடையில் பருக்கை பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தக் கோழி எப்போதும் இந்தப் பக்கச் சாக்கடையில்தான் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும், ஒரு கொத்து கொத்திவிட்டுத் திரும்பிவிடும். இத்தனை நாள் இதற்கும் அவள் பொறாமைதான் பட்டிருந்தாள்: ஒரு பருக்கை சிந்தாத சிக்கனம். ஆனால் சாப்பிட்ட தட்டைக் கழுவினால் நாலு பருக்கை போகாதா? எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியும் தட்டை நக்கிவிட்டா கழுவுவாள்?

அப்போது அவள் மனதில் கருணை எதுவும் எழவில்லை. ஆண்டாள் ஏதோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றியது. அம்மா வீட்டிலிருந்து யாராவது சமைத்தே கொண்டுவந்து கொடுக்கிறார்களா? ஓட்டலில் வாங்கி ரகசியமாகத் தின்கிறாளா? கையும் களவுமாகப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் கணவனிடம் சொல்லலாம். அவள் மத்தியானத்துக்குக் காத்திருந்தாள்.

முருங்கைமரத்துப் பக்கம் நின்று பார்த்தாள். ஆண்டாள் அடுப்படியில் தனியாக இருந்தாள். மாடத்திலிருந்து காய்ந்த தட்டு ஒன்றை எடுத்தாள். அதில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினாள், இரண்டு உதறு உதறினாள், திட்டில் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பூங்குழலி உள்ளே போனாள்.

"இன்னாக்கா பண்ற?"

"சாப்ட்டேன். தட்டு கழுவி வெச்சேன்."

"எத சாப்ட்ட?"

பூங்குழலி சோற்றுப்பானையைத் திறந்தாள். இரண்டு பேருக்கான சோறு, மேல்மட்டம் கலையாமல் இருந்தது.

"சனிக்கிழமைடி. பெருமாளுக்கு" என்றாள் ஆண்டாள்.

"பெருமாளுக்கு விரதம்னா தட்ட எதுக்கு நனைக்கற? பெருமாள் தட்டு பாப்பாரா?"

"எழில் பாப்பா." ஆண்டாள் குரலை உயர்த்தவில்லை. "ஸ்கூலோ சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸோ, வுட்டு வந்ததும் மொதல்ல தட்டதான் பாக்குது. காஞ்சி கெடந்தா, நீ சாப்டல, எனக்கும் வேணாம்னுது. படிக்கற பொண்ணு."

"எதுக்கு இந்த கூத்து? ரெண்டு வூட்டுக்கும் ஒரே கூலிதான?"

ஆண்டாள் முதல்முறையாகச் சிரித்தாள். "ஒரே கூலிதான். ஒங்க வூட்டுக்காரரு கூலி வூடு வந்து சேருது. எங்க வூட்டுக்காரரு கூலி வழியில, ஒயின் ஷாப்புல ஒரு பாதி எறங்கிக்குது. மீதிதான் வருது."

"இதச் சொல்றதுக்கு இன்னா?"

"யார்கிட்ட? கெட்டிக்காரின்னு ஊரு சொல்லுது. அதுவாச்சும் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"அப்ப பங்குனியில சாமி வந்துது?"

"சாமியா? கண்ணு இருட்டிக்கினு வந்துது. நான் கீழ வுழறதுக்குள்ள நீங்கல்லாம் என் கால்ல வுழுந்துட்டீங்க."

வீட்டு வரவு செலவு பற்றி உலகத்தில் எத்தனையோ புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் வரவுக்கு ஒரு பக்கம் உண்டு, செலவுக்கு ஒரு பக்கம் உண்டு. யார் சாப்பிடவில்லை என்று எழுத மூன்றாவது பக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தை நம் வீடுகளில் பெண்கள் வயிற்றில் எழுதிக்கொள்கிறார்கள். நாம் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தோம், அது போதாதென்று பக்தி என்றும் பெயர் வைத்தோம். கிழமைக்கு ஒரு தெய்வத்தைக் கொண்டு வந்து பட்டினிக்குக் காவல் நிறுத்தினோம். ஆண் பிள்ளை வாரத்தில் நாலு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்போம்.

ஆனால் பூங்குழலிக்கு வந்தது இந்தக் கோபம் அல்ல. அவள் கோபம் முழுக்க அவளுடையது.

"அடிப்பாவி. நீ பட்டினி கெடந்து எனக்கு கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டியே. நான் சோத்தையும் தின்னுட்டு ஒங்கூட போட்டி போட்டுக்கினு இருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

விடுவிடுவென்று தன் வீட்டுக்குப் போனாள். ஒரு தட்டு நிறையச் சோறும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் பாக்கியத்தின் எண்ணெயில் பொரித்த அப்பளமும் கொண்டுவந்து ஆண்டாள் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு."

"வேணாம்டி, எழில் வந்தா…"

"சாப்புடுக்கா. மூணு வேளையும் சாப்ட்டுட்டு அப்பறம் நீ ஓட்டிக் காட்டு. அப்ப ஒத்துக்கறேன் நீ கெட்டிக்காரின்னு."

ஆண்டாள் சாப்பிட்டாள். முதல் கவளத்தில் தயங்கினாள், பிறகு தயங்கவில்லை. பூங்குழலி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் எண்ணெய்க் கடன் கொடுத்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில், "குழம்புல புளி கொஞ்சம் தூக்கல்" என்றாள் ஆண்டாள். "பட்டினி கெடந்தவளுக்கு நாக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்றாள் பூங்குழலி. அதற்குமேல் அவர்கள் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

மாலையில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தம்பி கூலியை அண்ணி கையில் கொடுப்பதைப் பார்க்கப் பெரியதம்பிக்கும் ஆசை. அன்று கடைப் பக்கம் போகாமல் நேரே வந்திருந்தான். எழில் வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டில் பாக்கியம் பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அரிகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். "அண்ணி, இனிமே ரெண்டு வூட்டையும் நீங்களே பாருங்க. இவளால ஆவல."

பூங்குழலி எதிர்ப்பாள், கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். வாழ்நாளில் அவள் வாயை மூடி நின்ற ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும். மத்தியானம் கண்டதைச் சொன்னால் போதும், அவள் ஜெயித்துவிடலாம். ஆனால் கெட்டிக்காரி என்ற பெயர் ஆண்டாள் பட்டினி கிடந்து வாங்கியது. அதை உடைப்பதானால் அவள்தான் உடைக்க வேண்டும். அது பூங்குழலிக்கும் தெரிந்திருந்தது.

ஆண்டாள் பணத்தை வாங்கவில்லை.

"பாக்கறேன் தம்பி. ஒங்க அண்ணன் கூலியையும் முழுசா இதுமேல வெக்கச் சொல்லுங்க. முழுசா வெச்சா ரெண்டு வூடு இன்னா, மூணு வூடுகூட ஓட்டறேன்."

பெரியதம்பியின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது. "இன்னாத்துக்கு ஊர கூட்டற?" என்றான்.

"ஊரு நீ கூட்டுனது. பருப்பு எங்க வூட்லேர்ந்து போவுதுன்னு மண்டியில சொன்னது நீதான்."

எழில் புத்தகத்தை மூடினாள்.

"நீ மத்தியானம் சாப்ட்டியாம்மா?"

"இன்னிக்கு சாப்ட்டேன்" என்றாள் ஆண்டாள்.

எழில் எழுந்து உள்ளே போனாள். திட்டிலிருந்த தட்டைக் கையில் எடுத்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். "அப்ப மத்த நாள்ல இத வெறுமனே நனைச்சி வெச்சிருக்கு" என்றாள். அரிகிருஷ்ணன் அந்தத் தட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு விளங்க சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் நீட்டிய பணத்தை மடக்கிக்கொண்டு நடந்துபோய்ப் பூங்குழலி கையில் வைத்தான். பெரியதம்பி சட்டைப்பையில் இருந்ததை எடுத்து மனைவி பக்கம் நீட்டினான். ஆண்டாள் கைநீட்டாமல் நின்றாள். அவன் உள்பையிலும் கைவிட வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் வாங்கிக்கொண்டாள்.

பெரியதம்பி அன்றோடு திருந்திவிட்டான் என்று எழுதினால் அது புராணமாகிவிடும். சில வாரம் முழுசாகக் கொடுக்கிறான், சில வாரம் பாதி வழியில் இறங்கிவிடுகிறது. ஆனால் விரதங்கள் குறைந்துவிட்டன. சிவன், முருகன், அம்மன், பெருமாள் ஒருவரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. கோயிலில் பம்பை அடித்தால் ஆண்டாளுக்கு இப்போது சாமி வருவதில்லை. ஏதோ தீட்டு என்று பூசாரி சொல்கிறார்.

பூங்குழலியின் பொறாமையும் போகவில்லை. மூன்று வேளை சாப்பிட்டும் ஆண்டாளுக்குச் சிலிண்டர் இவளைவிடப் பத்து நாள் கூடுதலாகத்தான் வருகிறது. அவள் உண்மையாகவே கெட்டிக்காரி. இதை ஒத்துக்கொள்வதாகச் சொன்ன வாக்கைப் பூங்குழலி இன்னும் காப்பாற்றவில்லை. கோழியின் கதையோ இன்னும் மோசம். அந்தப் பக்கச் சாக்கடையில் பருக்கை விழத் தொடங்கியதும் அது குடிமாறி, முட்டையையும் அங்கேயே இடுகிறது.

"என் கோழி, என் தவுடு. முட்ட அவளுக்கு" என்று குழாயடியில் இன்றும் சொல்கிறாள்.

ஆனால் சில வாரங்களில் கோழி காலையிலிருந்து இந்தப் பக்கமே சுற்றும். அன்று பூங்குழலி மத்தியானம் ஒரு தட்டை நிரப்பிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போவாள்.

"எந்திரிக்கா. எந்தச் சாமி இன்னிக்கு?"

"ஒன்னும் இல்லடி. நேத்து வாரக் கூலில பாதி எறங்கிடுச்சி."

"அப்ப சாப்புடு. அவரு வரட்டும், கேப்போம். புளி தூக்கல்னு மட்டும் சொல்லாத, எடுத்துக்கினு போய்டுவேன்."